ஜவாத் கரீப்

நேற்று இரவு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானை மறுபடி பார்த்தேன். ஆகஸ்ட் வெயிலில் அந்த வேகம்! 21 வயது கென்யப் பையன் வான்ஜிரு ஆரம்பத்திலிருந்தே விரட்டுகிறான். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, 36 வயது மொராக்கோக்காரர் ஜவாத் கரீப் மட்டும் விடவில்லை. கடைசிக் கட்டத்தில்தான் இடைவெளி விழுந்தது. 2 மணி 7 நிமிடம் 16 விநாடி, வெள்ளி. 1984-லிருந்து நின்ற ஒலிம்பிக் சாதனையை அவரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் முந்தியிருந்தார். ஆனால் அன்றைக்குப் பேசப்பட்டதெல்லாம் வான்ஜிருவைத்தான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மத்திய அட்லஸ் மலையில் இருக்கும் கெனிஃப்ராதான் அவர் ஊர். சின்ன வயதிலேயே டிராக்கில் வளர்ந்தவர் இல்லை, இருபது வயதைத் தாண்டித்தான் ஓட்டத்தை எடுத்துக்கொண்டார். 2003 பாரீஸ் உலக சாம்பியன்ஷிப், அது அவருக்கு இரண்டாவது மாரத்தான், அவ்வளவுதான். ஸ்பெயினின் ஹூலியோ ரேயை ஏழே விநாடியில் தள்ளி தங்கம்! 42 கிலோமீட்டர் ஓடி ஏழு விநாடி, யோசித்துப் பாருங்கள். அப்புறம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தால், 2005 ஹெல்சின்கியில் மறுபடி தங்கம்.

2009-இல் லண்டனில் 2:05:27, மூன்றாம் இடம். 2010-இல் ஃபுகுவோகாவில் முதலிடம். அப்போது அவருக்கு வயது 38.