பாசி எடுக்குற அக்காமாரும் அரசு கிராண்டும்: பணம் வந்த கதை

கடல்பாசி எடுக்குற பெண்களோட சேர்ந்து இன்டராக்டிவ் மீடியா (நாம தொட்டா, அழுத்துனா பதில் சொல்ற மீடியா) ஆராய்ச்சி பண்ண அரசாங்கம் எப்படிம்மா பணம் குடுத்துச்சுன்னு நம்ம மாவட்டத்து காலேஜ் ஆளுங்க நிறைய பேர் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா இங்கயே எழுதிடுறேன்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். கூட இருக்குறவங்க ஒருத்தர் தமிழ்த்துறை, நாட்டார் வழக்காறு பாக்குறவர், இன்னொருத்தர் கடல் உயிரியல். பாம்பன் சின்னப்பாலம் பக்கத்து அக்காமாருக்கு எந்தக் காத்துல எந்தப் பார்ல (கடலுக்கடியில இருக்குற பாறைத்திட்டு) என்ன பாசி நிக்கும், மறுபடி முளைக்கணும்னா எதை விட்டுட்டு எடுக்கணும்னு எல்லாம் அத்துப்படி. வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு காத்த வச்சே வருஷத்த பிரிச்சு வச்சிருக்காங்க. இத பேட்டி எடுத்து வீடியோவா போட்டா அந்த ஊர் பிள்ளைங்களே பாக்காது, அதனால தொட்டா பேசுற மாதிரி ஒரு கடல் மேப் செய்யலாம்னு நெனச்சோம்.

சிங்கப்பூர்ல 2006ல தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆரம்பிச்சப்ப மொதல்ல பிடிச்ச மூணு துறையில இன்டராக்டிவ் டிஜிட்டல் மீடியாவும் ஒண்ணு, அதுக்கு மட்டும் 50 கோடி வெள்ளி ஒதுக்குனாங்க. கீழக்கரை, தொண்டி ஆளுங்களுக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க, "நீங்களும் அப்படி அப்ளை பண்ணுங்க"ம்பாங்க. நம்ம பக்கம் சமூக அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குறது ஐசிஎஸ்எஸ்ஆர்ங்குற மத்திய அரசு அமைப்பு, அது 1969லருந்து இருக்கு. அறிவியல் பொறியியல்னா முன்னாடி எஸ்இஆர்பிங்குற வாரியம், 2023 சட்டத்துக்கு அப்புறம் அது ஏஎன்ஆர்எஃப்ங்குற ஆராய்ச்சி அறக்கட்டளை ஆயிடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற விஷயத்த எந்த வாசல்ல கொண்டுபோய் குடுக்குறதுன்றதுதான் முதல் தலைவலி.

ஒரு எடத்துல குடுத்தோம், நிபுணர் குழு முன்னாடி பேசக் கூப்பிட்டாங்க, அங்க ஒருத்தர் "இதுல புது அல்காரிதம் எங்க இருக்கு"ன்னாரு, இன்னொருத்தர் "இதுல கோட்பாடு எங்க இருக்கு"ன்னாரு, ரெண்டு பேருமே அவங்கவங்க பாதிய மட்டும் பாத்து மார்க் போட்டாங்க, ரிஜெக்ட். நல்ல மனுஷங்கதான், ஆனா மூணு துறையையும் சேத்து பாக்குற ஆள் ஒருத்தர் கூட அந்த மேஜையில இல்ல. எனக்கு இன்னமும் அதுல கோவம் உண்டு.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். டேப்லட்ல ஒரு மாதிரி மேப் போட்டு கரைக்கே கொண்டு போனோம். அப்பத்தான் கடல்லருந்து ஏறி வந்த ஒரு அக்கா, விரல்ல துணி சுத்துன கையோடயே குருசடை தீவ அழுத்துறாங்க, ஒண்ணும் ஆகல. துணிய அவுத்துட்டு ஈரக்கையால அழுத்துனா ஸ்க்ரீன் எங்கெங்கயோ ஓடுது. "டீச்சரு, இதுக்கு நம்ம கை ஆகாது போல"ன்னாங்க. காரணம் சாதாரணம்தான், நம்ம விரல் பட்டா மாறுற சின்ன மின்னூட்டத்த வச்சுத்தான் இந்த ஸ்க்ரீன் வேலை செய்யுது, உப்புத்தண்ணி தானே மின்சாரத்த கடத்தும், அதனால எது விரல் எது தண்ணின்னு அதுக்குப் புரியாது, துணி சுத்துனா விரல் இருக்குறதே தெரியாது.

அங்கதான் எங்களுக்கு கேள்வியே கெடச்சுச்சு. உப்புக் கைக்கு, எழுத்து படிக்காதவங்களுக்கு, காத்து மாறுறப்ப கூடவே மாறுற ஒரு இன்டர்ஃபேஸ் எப்படி இருக்கணும்? இத கம்ப்யூட்டர்காரி மட்டும் சொல்ல முடியாது, தமிழ்த்துறை மட்டும் சொல்ல முடியாது, கடல் உயிரியலும் தனியா முடியாது. ப்ரபோசலோட முதல் பக்கத்துலயே இந்தக் கேள்வியத்தான் வச்சோம், யார் எந்தப் பகுதிய செய்யுறாங்க, ஒருத்தர் வேலை நின்னா மத்தவங்களோடது எங்க நிக்கும்னு ஒரு பக்கம் எழுதுனோம். வேற ஒரு மத்திய அரசு திட்டத்துல அத குடுத்தோம், பணம் கெடச்சுச்சு. அந்தக் குழுவுல அல்காரிதம் கேள்வி வரவே இல்ல, டேப்லட்டுக்குப் பதிலா நாங்க சொன்ன மரப்பலகை மேப்ப பத்தித்தான் கேட்டாங்க. பலகையில தீவுகள செதுக்கி, அடியில ரீட் ஸ்விட்ச் (காந்தம் கிட்ட வந்தா வேலை செய்யுற ஸ்விட்ச்) வச்சு, சிப்பிக்குள்ள காந்தம் ஒட்டி, சிப்பிய தீவு மேல வச்சா அந்த அக்கா குரல் பேசும். அந்த ஸ்விட்ச் கண்ணாடிக் குழாய்க்குள்ள மூடி இருக்கும், உப்பு உள்ள போகாது.

பட்ஜெட்டுக்கு வர்றேன், இதத்தான் நல்லா கவனிக்கணும். ஆள் சம்பளம்னு ஒரு செலவுத் தலைப்பு இருக்கு, ஜேஆர்எஃப்னா (இளநிலை ஆராய்ச்சியாளர்) 2023லருந்து மாசம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும், ஆனா அதுக்கு டிகிரி வேணும். அக்காமாருக்கு டிகிரி கெடையாது, அறிவு மொத்தமும் அவங்களோடது. பிஸ்கட்டும் டீயும் குடுத்துட்டு பதிவு பண்ணிட்டு வர்ற ஆராய்ச்சி எனக்கு ஒத்து வராது, கடலுக்குப் போகாத நாள்னா அன்னிக்கு வருமானம் கெடையாது. அவங்கள துறை வல்லுநர்னு காட்டி மதிப்பூதியம் கேட்டோம். காலேஜ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல "தகுதிச் சான்று எங்க"ன்னு நிறுத்துனாங்க, அக்காமாரோட சங்கத் தலைவிகிட்ட அனுபவக் கடிதம் வாங்கி வச்சோம், ரொம்ப வாதாடுன பிறகு ஒத்துக்கிட்டாங்க. இது முடிஞ்சப்ப கிராண்ட் கெடச்சத விட எனக்கு சந்தோஷம்.

எதிக்ஸ் கமிட்டிய சும்மா ஒரு பேப்பர்னு விட்றாதீங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986ல அறிவிச்சது, 21 தீவும் அதுக்குள்ள வருது, எந்த எடத்துல பாசி எடுக்குறோம்னு மேப்ல புள்ளி வச்சா நாளைக்கு அதுவே அவங்களுக்கு எதிரா வரும். ஜிபிஎஸ் எதுவும் பதிய மாட்டோம், குரல அழிக்கச் சொன்னா அழிப்போம்னு எழுதிக் குடுத்தோம். அக்காமாரு ஒத்துக்கிட்டதே அதுக்கு அப்புறம்தான்.

பணம் வந்ததும் ஃபார்ம் வேலை தொடங்கும். வாங்குறதுல பெரும்பாலானத ஜெம் போர்ட்டல்ல (அரசாங்கத்தோட ஆன்லைன் கொள்முதல் தளம்) தேடணும், மார்ச் 31க்கு கணக்கு மூடணும், செலவுச் சான்று ஜிஎஃப்ஆர் (மத்திய அரசு நிதி விதிகள்) 12ஏ படிவத்துல போகணும், பேங்க்ல வட்டி சேந்திருந்தா பாரத்கோஷ்ங்குற அரசு ஆன்லைன் தளம் வழியா திருப்பிக் கட்டணும். பொறுமையான ஒரு அக்கவுண்ட்ஸ் ஆள முன்னாடியே கூட சேத்துக்கோங்க.

இப்ப பலகை ரெடி. கிராண்ட் பணத்துல செஞ்ச பொருள நாமளா நெனச்ச எடத்துக்கு மாத்திட முடியாது, பணம் குடுத்த எடத்துல அனுமதி வாங்கணும். காலேஜ் லேப்ல வைக்கச் சொல்றாங்க, அக்காமாரு ஊர்லதான் இருக்கணும்ங்குறாங்க, நானும் அவங்க பக்கம்தான். ஊர்ப் பொதுக் கட்டடத்துல வைக்க அனுமதி கேட்டு லெட்டர் போட்டிருக்கோம், இன்னும் பதில் வரல. இதே மாதிரி பொருள ஊருக்கு வாங்கிக் குடுத்தவங்க யாராவது இருந்தா எந்த விதிய காட்டி வாங்குனீங்கன்னு சொல்லுங்க.