மூன்றாம் எண் சட்டை: ஃபீனிக்ஸ் நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்கள்

2015 பிப்ரவரி 4

காலையில் காபி ஆறிப்போகும் வரை அந்தச் செய்தியையே படித்துக்கொண்டிருந்தேன். டயானா டவுராசி இந்தக் கோடையில் எங்கள் ஊர் பெண்கள் கூடைப்பந்து அணியான மெர்குரிக்கு ஆட மாட்டாராம். காயம் இல்லை, சண்டையும் இல்லை. ரஷ்யாவில் அவர் ஆடும் யுஎம்எம்சி எகாதெரின்பர்க் அணி, 'கோடையில் சும்மா இரு, அதற்கும் காசு தருகிறோம்' என்று சொல்லியிருக்கிறது. அவர் சரி என்றுவிட்டார்.

கணக்கைப் பார்த்தால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். இங்கே டபிள்யூஎன்பிஏ என்ற அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகில் உச்சபட்ச சம்பளமே வருடத்துக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர். ரஷ்யாவில் அவருக்குச் சுமார் 15 லட்சம் டாலர் என்கிறார்கள். உரால் பகுதியில் செம்பு வெட்டி உருக்கும் பெரிய கம்பெனி ஒன்றின் அணி அது. போன செப்டம்பரில்தான் மெர்குரி கோப்பையை வென்றது. மகளுக்கு ஏழு வயது. டவுராசியின் மூன்றாம் எண் சட்டையோடுதான் தூங்குகிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏண்டி, அமெரிக்காக்காரி சம்பாதிக்க ரஷ்யாவுக்குப் போறாளா? நீங்க என்னடான்னா அங்க போய் உக்காந்திருக்கீங்க" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

2015 பிப்ரவரி 8

ஞாயிறு. துணி மடிக்காமல், டவுராசியின் பழைய கதையைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

மே முதல் செப்டம்பர் வரை இங்கே. அக்டோபரில் விமானம் ஏறினால் ஏப்ரல் வரை அங்கே. வெயிலுக்குப் பெயர்போன ஊரில் கோடை, பனிக்குப் பெயர்போன ஊரில் குளிர்காலம். யாராவது மாற்றிக் கொடுத்திருக்கலாம்.

முதலில் போனது 2005-இல், டைனமோ மாஸ்கோவுக்கு. அடுத்த வருடம் மாஸ்கோ வட்டாரத்து ஸ்பார்டக் அணி. அதன் முதலாளி ஷப்தாய் கல்மனோவிச்சின் வாழ்க்கையை ஒரு தொடர்கதை எழுத்தாளர் எழுதியிருந்தால், கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். லித்துவேனியாவில் பிறந்து, இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, அங்கே சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்காக உளவு பார்த்துப் பிடிபட்டுச் சிறையில் இருந்தவர். வெளியே வந்து பணக்காரராகி, பெண்கள் கூடைப்பந்தில் பணத்தைக் கொட்டினார். டவுராசிக்கும், அதே அணியில் ஆடிய சூ பர்டுக்கும் நீச்சல்குளம் வைத்த வீடு. வெளியூர் ஆட்டம் என்றால் நல்ல ஹோட்டல். இங்கே அதே பெண்கள் சாதாரண விமான இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு போகிறார்கள்.

2009 நவம்பர் 2 அன்று மாஸ்கோவில், காரில் போய்க்கொண்டிருந்த கல்மனோவிச்சைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த சீசனும் ஸ்பார்டக் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு. சுடப்பட்ட ஒரு மனிதரின் அணியில் மறுபடி பந்தைக் கையில் எடுத்து எப்படி ஆடினார்கள் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இவர் வந்து, "இன்னைக்கு சாப்பாடு உண்டா?" என்றார். ரசம் வைத்தேன்.

2015 பிப்ரவரி 11

விட்டுப்போனது: துருக்கி. 2010-இல் ஃபெனர்பாச்சே அணிக்குப் போனார். டிசம்பரில் ஊக்கமருந்துச் சோதனையில் மொடஃபினில் இருந்தது என்று சொல்லித் தடை விதித்தார்கள். தூக்க நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை அது. அணி ஒப்பந்தத்தை முறித்தது. இரண்டு மாதம் போனபின் அந்த ஆய்வுக்கூடமே தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றது, தடை நீங்கியது. சரி, அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்றுதானே நினைப்போம்? அடுத்த சீசனே இஸ்தான்புல்லுக்குத் திரும்பினார், கலாட்டாசராய் அணிக்கு. ஃபெனர்பாச்சேயின் ஜென்ம விரோதி. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

2015 ஜூலை

போன வாரம் ஆட்டத்துக்குப் போனோம். மகள் மூன்றாம் எண் சட்டைதான். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அவளைப் பார்த்து, "அவங்களுக்கு ஓய்வு வேணும்மா" என்று ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னார். "காசும் வேணும்" என்றாள். வீட்டில் நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

2019 ஏப்ரல் 16

பிரியானா ஸ்டூவர்ட்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. போன வருடம் சியாட்டில் அணிக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்து, லீகின் சிறந்த வீராங்கனை விருதும் வாங்கியவர். அறுந்தது ஹங்கேரியில், ஷோப்ரோன் என்ற ஊரில், டைனமோ குர்ஸ்க் என்ற ரஷ்ய அணிக்காக ஐரோப்பிய இறுதி ஆட்டம் ஆடும்போது. இந்தக் கோடை முழுக்கச் சியாட்டில்காரர்களுக்கு அவர் இல்லை. குளிர்காலத்தில் உடைந்ததற்குக் கோடைக்காரர்கள் விலை கொடுக்கிறார்கள். அதே கோடைக்காரர்கள் முன்பே நல்ல சம்பளம் கொடுத்திருந்தால் அவர் ஏன் ஷோப்ரோனில் இருக்கப்போகிறார்? இதை நான் சொன்னால் இவர் "ஆரம்பிச்சுட்டியா" என்கிறார்.

2022 மார்ச் 6

பிரிட்னி கிரைனர். நம் ஊர் மெர்குரியின் 42-ஆம் எண். மாஸ்கோ ஷெரெமெத்யெவோ விமான நிலையத்தில் பிப்ரவரியிலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள், நேற்றுதான் வெளியே தெரிந்தது. பெட்டியில் கஞ்சா எண்ணெய் இருந்த வேப் குப்பிகளாம். நடுவில் உக்ரைன் போர் தொடங்கிவிட்டது.

அவர் போய்க்கொண்டிருந்ததும் எகாதெரின்பர்க்குக்குத்தான். டவுராசி ஆடிய அதே அணி. இங்கே சம்பளம் இப்போது 2 லட்சத்து 28 ஆயிரம் அளவுக்கு ஏறியிருக்கிறது; அங்கே பத்து லட்சத்துக்கு மேல்.

'அங்கே எதற்குப் போனாள்' என்று சக அலுவலர் ஒருவர் கேட்டார். அவரும் என்னைப் போல விசாவில் வந்தவர்தான். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரியவில்லை.

2022 டிசம்பர் 8

கிரைனரை விட்டுவிட்டார்கள்! அபுதாபி விமான நிலையத்தில், ஆயுத வியாபாரி விக்டர் பவுட்டுக்குப் பதிலாக. ஆகஸ்டில் ஒன்பது வருடத் தண்டனை கொடுத்து மொர்தோவியா சிறை முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தக் கோடையில் லீகின் எல்லா ஆடுகளத் தரையிலும் அவர் பெயரின் முதலெழுத்துகளும் 42-உம் இருந்தன. மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது செய்தி வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டாள், நானே கொண்டுபோய் விட்டேன்.

2023 ஏப்ரல் 28

நேற்று கிரைனர் பேட்டி கொடுத்தார். ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடுவதைத் தவிர, இனி வெளிநாட்டில் ஆடப் போவதில்லையாம். லீகும் இந்த வருடத்திலிருந்து புது விதி வைத்திருக்கிறது: வெளிநாட்டு சீசன் முடித்துத் தாமதமாக வரும் மூத்த வீராங்கனைகளுக்கு அபராதம். அடுத்த வருடத்திலிருந்து பயிற்சி முகாம் தொடக்கத்துக்குள் வராவிட்டால் அந்த சீசனே கிடையாது. கதவைச் சாத்துவது எளிது. ரஷ்யாவில் கிடைத்த காசில் பாதியாவது உள்ளே இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

2025 பிப்ரவரி 25

டவுராசி ஓய்வு. மகள் கல்லூரி விண்ணப்பங்களுக்கு நடுவில் வந்து சொன்னாள். 10,646 புள்ளிகள், மூன்று லீக் கோப்பைகள், ஆறு ஒலிம்பிக் தங்கம், எல்லாம் மெர்குரி சட்டையிலும் நாட்டுச் சட்டையிலும். நான் படித்த செய்தியில் வெளிநாட்டு ஆட்டத்துக்கு ஒரே ஒரு வரி.

விரல் விட்டு எண்ணினேன். மாஸ்கோவில் ஐந்து குளிர்காலம், இஸ்தான்புல்லில் இரண்டு, எகாதெரின்பர்க்கில் ஐந்து. பன்னிரண்டு. அதில் ஆறு ஐரோப்பியக் கோப்பை.

டிவியில் மயாமியில் நடக்கும் அன்ரைவல்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும் சேர்ந்து இந்த ஜனவரியில் தொடங்கிய மூவர் அணி லீக். குளிர்காலத்தில், அமெரிக்காவிலேயே, சராசரிச் சம்பளம் 2 லட்சம் டாலருக்கு மேல்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்குப் பெயர் நினைவில்லை. "யாரு, ரஷ்யாவுக்குப் போவாளே, அவளா?" என்றார்.

"அவங்கதான்மா."