இரண்டு சதுரம், கீழே மண்

"இரண்டும் ‘குன்’தானே, அகராதியிலேயே ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது" என்றேன். பேச்சு ‘குன்’ என்றே ஒலிக்கும் இரண்டு சீன எழுத்துகளைப் பற்றியது; கணினியில் இருந்த ஒரு பெயர்ப் பட்டியலில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டிருந்தேன். தைவானில், தைப்பே பக்கத்தில் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கோடுகளை எண்ணிப் பாருங்கள்" என்றார். உரையாடல் அவ்வளவுதான். அகராதியைப் பொறுத்தவரை நான் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எல்லோருக்கும் தெரிந்த குன்னில் இடப்பக்கம் மண்ணைக் குறிக்கும் ‘து’, வலப்பக்கம் ‘ஷென்’. 3 கோடும் 5 கோடும் சேர்ந்து 8. யி ஜிங் என்ற பழைய சீனக் குறி நூலின் இரண்டாம் குறி அது; நிலம், பெண்மை என்று பொருள் விரியும். அரிதான குன்னில் ‘ஃபாங்’ இரண்டு மேலே ஒட்டி நிற்கும், கீழே அதே ‘து’. 4, 4, 3 என்று 11 கோடு. ஃபாங் என்றால் சதுரம். வானம் வட்டம், பூமி சதுரம் என்ற பழைய சீன எண்ணத்தோடு பார்த்தால் இந்த வடிவம்தான் நிலத்துக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. ஒலியில் துளி வேறுபாடு கிடையாது. மாண்டரினில் இரண்டுக்கும் மூச்சு தெறிக்கும் ‘க’, உயர்ந்து சமமாக நிற்கும் முதல் தொனி. ஜப்பானியத்தில் இரண்டும் ‘கோன்’.

ஆனால் அந்த அரிதான குன் இன்று உயிரோடு இருப்பதே ஆட்பெயர்களில்தான். பெயர் வைக்கும்போது கோடுகளைக் கூட்டிப் பலன் பார்ப்பவர்கள் தைவானில் நிறைய. நம்மூரில் ராசிக்காக ஒரு எழுத்தைக் கூட்டிக்கொள்வதில்லையா, அது மாதிரி. 11-ஐ 8 ஆக்கினால் பெற்றவர்கள் போட்ட கணக்கே போயிற்று.

சிக்கலின் வேர் 1984-இல் வந்த பிக்-5 குறிமுறை, அதாவது கணினியில் ஒவ்வொரு சீன எழுத்துக்கும் ஓர் எண் தரும் தைவான் முறை. அதில் 13,053 எழுத்துகள். இந்த அரிதான குன் இல்லை. 2002 முதல் 2005 வரை தைவானின் பிரதமராக இருந்த யூ ஷீ-குன் பெயரில் உள்ளதும் இதே எழுத்துதான். அவர் பெயரையே ‘ஃபாங் ஃபாங் து’ என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. பாடகர் டேவிட் தாவோவின் பெயரில் உள்ள, ‘ஜி’ இரண்டு ஒட்டி நிற்கும் ‘ஜ’வும் இப்படித்தான். ‘ஜி’ இரண்டை அடுத்தடுத்துத் தட்டி ஒப்பேற்றினார்கள். அதுவே அவருக்குச் செல்லப்பெயரும் ஆயிற்று.

அலுவலகங்கள் பிக்-5-இன் காலி இடங்களில் தாங்களே எழுத்தை வரைந்து வைத்துக்கொண்டன. அதற்கு ‘ட்ஸாவ்-ட்ஸி’, எழுத்து செய்தல், என்று பெயர். அந்த இடத்தின் எண் அந்தக் கணினிக்கு மட்டும்தான் சொந்தம். இன்னொரு கிளையில் அதே இடத்தில் வேறு எழுத்து உட்கார்ந்திருக்கும். பாமினியில் அடித்த கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து விழித்தவர்களுக்கு இது புரியும்.

யூனிகோடுக்கு மாற்றும்போது இந்த இடங்கள், பொதுவாக எந்த எழுத்துக்கும் ஒதுக்காத தனிப்பயன் பகுதிக்குப் போய் வெறும் கட்டமாகத் தெரியும். மாற்றும் நிரல் கறாரானதாக இருந்தால் கேள்விக்குறியாகும். கட்டத்தை மீட்கலாம். கேள்விக்குறியை மீட்க முடியாது, பழைய எண் அழிந்துவிடுகிறது. நான் செய்தது மூன்றாவது வகை: கட்டங்களை எல்லாம் 8 கோட்டுக் குன்னாக மாற்றினேன். திரை சுத்தமாக இருந்தது, யாருக்கும் பிழை தெரியாது. பட்டியலில் பிறவியிலேயே 8 கோட்டுக் குன் வைத்திருப்பவர்களும் இருந்தார்கள். கலந்தபின் யார் யார் என்று பிரிக்க வழியில்லை. கேள்விக்குறியாவது தன் பிழையைத் தானே சொல்லும்.

நல்லவேளை, மூலக்கோப்பு இருந்தது. முறைப்படி செய்வதென்றால் முதலில் காலி இடங்களின் எண்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கிளையிலிருந்தும் அங்கே வரைந்த எழுத்துருக் கோப்பை வாங்கிப் பெரிதாக அச்சிட்டு, சீனம் படிக்கத் தெரிந்த இருவர் தனித்தனியே பார்த்து யூனிகோடு எண் எழுத வேண்டும். அரிதான குன்னுக்கு 5803, மற்றதற்கு 5764. இருவரும் ஒத்துப்போன வரிகளை மட்டுமே மாற்ற வேண்டும். கிளைக்கு ஒரு அட்டவணை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று போட்டால் மறுபடி கலக்கும்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. சீன அரசே 1955-இல் இந்த எழுத்தை மாற்றுவடிவம் என்று ஒதுக்கி, 8 கோட்டுக் குன்னைத்தான் எழுதச் சொன்னது. ஒரு நாடே செய்ததை நான் ஒரு பட்டியலில் செய்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 2013 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு வந்த 8,105 எழுத்துப் பட்டியலில் இதைத் திரும்பச் சேர்த்தார்கள், ஆட்பெயருக்கு ஆகும் என்ற குறிப்போடு. அது தைவானைக் கட்டுப்படுத்தாது என்பது வேறு விஷயம்.

திருத்தி முடித்த மறுவாரமே அந்த அம்மையாரிடமிருந்து புகார்: 8 கோட்டுக் குன்னைத் தட்டித் தேடினால் 11 கோட்டுக்காரர்கள் வருவதில்லை. ஒரே எழுத்தின் வெவ்வேறு எண்களை ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்கம் இந்த இரண்டையும் இணைக்காது. தேடலுக்கென்று தனியாக ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். அதன் முதல் வரியில் 5803-ம் 5764-ம் ஒன்று என்றுதான் இருக்கிறது.