தரங்கம்பாடிக்கு அம்மாவோடு

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கண் நன்றாகத் தெரியும்போதே, முந்நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்த போதகர் சீகன்பால்கு ஐயர் கல்லறையைப் பார்த்துவிட வேண்டும் என்று நாலைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தாத்தா கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தவர். அவர் சொல்லிச் சொல்லி அம்மாவின் மனதில் பதிந்த பெயர் அது. ஒரு சனிக்கிழமை காலை மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினோம். ஆக்கூர், திருக்கடையூர் தாண்டி, நுழைவாயிலுக்குள் கால் வைத்ததும் அம்மா முக்காடு போட்டுக்கொண்டார்.

கோட்டையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கடற்கரைக்குப் போகலாம் என்றார். 1706 ஜூலை 9ஆம் தேதி ஐயர் வந்து இறங்கிய கரை இது. ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்போது இந்த ஊர் டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிவைக்க, புளூட்சோ என்ற தோழரோடு வந்தார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. அந்த வயதில் என் மகனைத் தனியாகச் சென்னைக்கு அனுப்பவே எனக்கு மனசு வரவில்லை.

வந்தவர் உடனே பிரசங்க மேடை தேடவில்லை. வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளியை வைத்து நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அரசர் அனுப்பிய போதகர், ஐந்து வயதுப் பையனுக்குப் பக்கத்தில்! இருபது வருடமாக ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். அவர் ஊழியத்தில் என்னை அதிகம் தொடுவது இந்த இடம்தான். பேச வந்தவர் முதலில் கேட்க உட்கார்ந்தார். தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். இந்த ஜனங்கள் எதை நம்புகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார்.

"எங்க அப்பாவும் எனக்குக் கோயில் வாசல்ல மணலைப் பரப்பித்தான் எழுதக் கத்துக்கொடுத்தாரு" என்றார் அம்மா. குனிந்து ஒரு பிடி மணல் எடுத்து, உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அங்கிருந்து டேனிஷ் கோட்டை கூப்பிடு தூரம்தான். கணவனை இழந்த ஒரு ஏழைப் பெண்ணின் கடன் வழக்கில் ஐயர் அவள் பக்கம் நின்று பேசினார். கோட்டைத் தளபதிக்கு அது பிடிக்கவில்லை. 1708இல் பிடித்து அடைத்துவிட்டார்கள், நான்கு மாதம். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் வேலையை அவர் தொடங்கியதும் அதே வருடம்தான். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், 1711இல் முடித்தார். அப்புறம் அச்சு இயந்திரம் கப்பலில் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தது. இந்திய மொழிகளில் அதுதான் முதல்.

மத்தியானம் புதிய எருசலேம் ஆலயத்துக்கு வந்தோம். முகப்பில் அரசரின் கிரீட முத்திரை, கீழே 1718. உள்ளே வெளிச்சம் குறைவு, கால் வைத்ததும் தரை ஜில்லென்றிருந்தது. ஐயர் கல்லறை பீடத்தருகேதான் இருக்கிறது. அதை நெருங்க நெருங்க அம்மாவின் நடை மெதுவானது. ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தது 1718 அக்டோபர் 11. ஐயர் கண்மூடியது 1719 பிப்ரவரி 23. தான் கட்டிய ஆலயத்தில் அவருக்குக் கிடைத்தது நாலரை மாதம்கூட இல்லை. வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்த்திருந்தார். மீதியைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள்.

அம்மா பையிலிருந்து தாத்தாவின் வேதபுத்தகத்தை எடுத்தார். அட்டை பிய்ந்து நூல் போட்டுத் தைத்தது. ரூத்தின் புத்தகத்தைத் திறந்து, "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்ற வசனத்தை விரல் வைத்து மெல்ல வாசித்தார். அந்த வசனத்தை எத்தனையோ தடவை பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிறகு முழங்காலில் நின்று ஜெபித்தார். ஐயருக்காக ஸ்தோத்திரம் சொன்னார். கூட வந்த புளூட்சோவுக்காக, அச்சுக் கோத்தவர்களுக்காக, தாத்தாவுக்காக. முடித்துவிட்டார் என்று நினைத்து நான் ஆமென் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவருக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியாருக்காகவும் ஸ்தோத்திரம், ஆண்டவரே."