ஒரே கமிட்டில் இரண்டு வேலை வேண்டாம்

வெளியே தெரியும் நடத்தையை மாற்றாமல் நிரலின் உள்ளமைப்பை மட்டும் சீர்செய்வதுதான் ரீஃபேக்டரிங். வில்லியம் ஆப்டைக் 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, எந்தெந்த முன்நிபந்தனைகள் நிறைவேறினால் ஒரு மாற்றம் நிரலின் நடத்தையைப் பாதிக்காது என்பதை விரிவாக ஆராய்ந்தது. ஆனால் ரிவ்யூவுக்கு வரும் கமிட்டுகளில், அதாவது ஒரே பதிவாகச் சேமிக்கப்படும் மாற்றத் தொகுப்புகளில், பெரும்பாலும் காற்றில் பறப்பது நடத்தை மாறக்கூடாது என்ற இந்த நிபந்தனைதான். "கொஞ்சம் சுத்தம் செய்தேன், கூடவே ஒரு பிழையையும் சரிசெய்துவிட்டேன்" என்ற குறிப்பைப் பார்த்தாலே எனக்குச் சற்றுக் கலக்கமாக இருக்கும்.

பில் அச்சிடும் ஃபங்ஷன் ஒன்றும் மாதாந்திர அறிக்கைக்கான ஃபங்ஷன் ஒன்றும் ஒரே சேவைக் கட்டணத்தைத் தனித்தனியே கணக்கிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்ப்பவர் இவை ஒன்றன் நகல் மற்றொன்று என்று கருதி, இரண்டையும் ஒன்றாக்கிவிடத் துடிப்பார். ஆனால் முதலாவது ஒவ்வொரு பொருளின் கட்டணத்தையும் முழு எண்ணாக்கிவிட்டுப் பிறகு கூட்டுகிறது. இரண்டாவது எல்லாவற்றையும் கூட்டிய பிறகே முழு எண்ணாக்குகிறது. தலா 0.40 கட்டணமுள்ள மூன்று பொருள்களுக்கு முன்னது 0 என்றும் பின்னது 1 என்றும் விடை தரும். இரண்டில் ஒன்று தவறாகவே இருக்கலாம்; ஆனால் எது தவறு என்று சொல்ல வேண்டியவர்கள் கணக்குப் பிரிவினரே தவிர, நிரலைச் சீர்செய்ய உட்கார்ந்தவர் அல்லர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால், அந்தப் பூதத்துக்குத் தனியாக ஒரு டிக்கெட் (பணிக்குறிப்பு) போட்டுவிட்டு வெட்டும் வேலையைத் தொடர்வதே முறை.

ஆகவே நிரலில் கை வைப்பதற்கு முன், அது இப்போது தரும் விடைகளை, அவை தவறானவையாகவே இருந்தாலும், அப்படியே டெஸ்டாகப் பதிவுசெய்துகொள்வேன். காலிப் பட்டியல், எதிர்மறை எண், சரியாகப் பாதியில் நிற்கும் மதிப்பு ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். (பைத்தான் 3-இன் ரவுண்ட் ஃபங்ஷன் 2.5-ஐ 2 ஆக்கும்; ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரவுண்ட் அதையே 3 ஆக்கும். கையால் எழுதிய ரவுண்டிங்கை நீக்கிவிட்டு மொழியில் உள்ளதைப் பயன்படுத்துவோர் இதைக் கவனிப்பது நல்லது.)

பெயர் மாற்றம், ஃபங்ஷனைப் பிரித்தெடுத்தல் போன்றவற்றை ஐடிஇ-யே (நிரல் எழுதப் பயன்படும் மென்பொருளே) செய்துவிடும். எனினும், பெயரை மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்துகளாக (சரமாக) கொடுத்து அழைக்கும் இடங்களும், அமைப்புகளைக் குறிக்கும் கான்ஃபிக் கோப்புகளும் அதன் பார்வைக்குத் தப்பிவிடக்கூடும் என்பதால், பழைய பெயரை ஒருமுறை முழு ரெப்போவிலும் (திட்டத்தின் கோப்புகள் அனைத்திலும்) தேடிப் பார்த்துவிடுவேன்.

கமிட்டுகளைப் பிரித்து வைப்பதன் பலன் பின்னாளில்தான் தெரியும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில், கோளாறு நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் கட்டளை, ஏறத்தாழ 1000 கமிட்டுகளுக்குள் இருக்கும் கோளாறைச் சுமார் 10 சோதனைகளில் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது சுட்டும் கமிட்டில் பல கோப்புகளின் பெயர் மாற்றமும் ஒரு நிபந்தனைத் திருத்தமும் சேர்ந்து கிடந்தால், உண்மையான தேடல் அங்கிருந்துதான் தொடங்கும். மேலும், கோப்பு இடம் மாறியதைக் கிட் தனியாகப் பதிந்துவைப்பதில்லை; உள்ளடக்கத்தின் ஒற்றுமையைக் கொண்டே ஊகிக்கிறது, அதற்கான இயல்பான வரம்பு 50 சதவீதம். கோப்பை நகர்த்தி, அதே கமிட்டில் பாதிக்கு மேல் திருத்தியும் எழுதினால், கிட் அதைப் பழைய கோப்பின் நீக்கமாகவும் புதிய கோப்பின் சேர்க்கையாகவுமே காட்டும். பழைய வரலாறும் அத்துடன் அறுந்துவிடும். அதனால் நகர்த்தலை மட்டும் முதலில் கமிட் செய்துவிட்டு, திருத்தங்களை அடுத்த கமிட்டில் வைக்கிறேன்.