ஒட்டிக்கோ வேட்டியும் கஞ்சித்தண்ணிக் கள்ளும்: குறும்படத்துக்கு உடை, சாமான் சேர்த்த அனுபவம்

எங்கள் கல்லூரிக் குறும்படத்தில் உடையும் சாமான்களும் என் பொறுப்பு. கதை சின்னது. கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கிற பையன், ஓணக் கொண்டாட்டத்துக்காக முதல்முறை வேட்டி கட்டுகிறான். மீதி எல்லாம் அந்த வேட்டி இழுத்துவிடுகிற வில்லங்கம்.

கேரளப் பள்ளிகளில் ஓணப் பரீட்சை முடிந்து லீவு விடுவதற்கு முன் கொண்டாட்டம் வைப்பார்கள். அன்று சீருடை கிடையாது. உடை பார்க்கிறவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? முக்கால் படம் எல்லாரும் ஒரே நிறம், கடைசியில் மொத்த வகுப்பும் பொன்கரை போட்ட கசவுத் துணிக்கு மாறிவிடும்.

முதலில் சீருடை. நிஜப் பள்ளி எதன் சாயலும் வந்துவிடக் கூடாது என்பதால் தைத்தே ஆக வேண்டியிருந்தது. தூய வெள்ளை உச்சி வெயிலில் போன் கேமராவில் வெளுத்துப்போய் மடிப்பு, பட்டன் எதுவும் தெரியாது. பச்சை, வயலோடு வயலாகக் கரைந்துவிடும். பொடிக் கட்டம் போட்ட துணி வீடியோவில் நெளிகிற மாதிரி தெரியும். கடைசியில் மங்கலான சந்தன நிறச் சட்டையும் கருநீலப் பேன்ட்டும் முடிவானது. தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணன் சொன்ன யோசனைதான் பெரிய உதவி: "புதுத்துணிய அப்படியே மாட்டிவுட்டா கடை பொம்மையாட்டம் நிப்பாங்க கண்ணு. நாலு தண்ணி அலசி, வெயில்ல போட்டு எடு." அப்படியே செய்தோம். காலர் ஓரத்தில் பால் ஊற்றாத கட்டன்சாயாவைத் துணியால் ஒற்றி எடுத்ததும் ஒரு வருஷம் பழகிய சட்டை மாதிரி ஆகிவிட்டது.

நாயகனுக்குத் தொளதொளச் சட்டை, உடைந்த கண்ணாடி, வழிய வழிய எண்ணெய் என்று இயக்குநர் பட்டியல் வைத்திருந்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிரிப்புப் படம் என்பதற்காகத் துணியே சிரிக்கச் சொல்லிக் கெஞ்சக் கூடாது. அண்ணனுடைய பழைய சட்டையைப் போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொண்டோம். தோள் தையல் இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும், கை ஒரு மடிப்பு. அவ்வளவுதான். அவனுக்கே அது வேடிக்கையாகத் தெரியாது, அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

இப்போது வேட்டி. அவனுக்குக் கட்டத் தெரியாது, அதனால் அப்பா வாங்கித் தருவது வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டி. மேடையில் ஈஸ்வர பிரார்த்தனை, மொத்தப் பள்ளியும் அமைதி, அப்போது வெல்க்ரோ பிரிகிற 'பர்ர்ர்' சத்தம். படத்தின் பெரிய சிரிப்பு இதுதான். ஆனால் நேரில் எடுத்தபோது அந்தச் சத்தம் மைக்கில் ஏறவே இல்லை. அப்புறம் அறையை மூடி, போர்வைக்குள் உட்கார்ந்து, மைக் பக்கத்திலேயே வைத்து மெதுவாகவும் வேகமாகவும் பிரித்துப் பதிவு செய்தோம். மெதுவாகப் பிரித்ததுதான் சிரிப்பைக் கூட்டியது. உள்ளே அரைக்கால் டவுசர் கட்டாயம், இதில் நடிகனின் மானமும் இருக்கிறது. சேற்றில் விழுகிற காட்சிக்கு அதே கரையில் இன்னொரு வேட்டி வாங்கினோம், வெல்க்ரோவில் மண் புகுந்தால் பிறகு ஒட்டாது.

நாயகிக்குச் செட்டு முண்டு. இடுப்பில் முண்டு, மேலே நேரியது என இரண்டு துண்டு. அவள் அம்மாவினுடையது, பாரதப்புழையும் காயத்ரிப்புழையும் சேர்கிற இடத்தில் இருக்கும் குத்தாம்புள்ளியில் நெய்த கைத்தறி. அதைச் சேற்றுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. கசவுத் துணியின் பால்பழுப்பு கேமராவுக்குத் தூய வெள்ளையைவிட எவ்வளவோ மேல். நேரியதின் மடிப்பு எத்தனை, சேஃப்டி பின் எங்கே என்று ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலும் பின்னாலும் போட்டோ எடுத்துவைத்தேன்.

பையன்கள் திருட்டுத்தனமாகக் கள் குடிக்கப் போகிற காட்சி இந்த எல்லைக்கே உரியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, இந்தப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூர் தென்னந்தோப்புகளில் கள் இறக்குகிறார்கள். கேரளத்திலும் 23 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. அதனால் கதையில் கடைக்காரர் இவர்களை ஏமாற்றிக் கஞ்சித்தண்ணியைக் கொடுத்து அனுப்ப, அதைக் குடித்துவிட்டு மூவரும் தள்ளாடுகிறார்கள். படப்பிடிப்பிலும் அதேதான்: வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஆறவைத்து, கேமரா ஓடுவதற்குச் சற்று முன்னால் சோடா ஊற்றினால் நுரை பொங்கும். கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கிவிடும் என்பதால் சோடா எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

சின்னச் சாமான்கள்தான் ஊரைக் காட்டின. நாயகன் வீட்டு ஸ்கூட்டரில் TN 41 என்று போட வேண்டிய பொள்ளாச்சி எண்ணைத் தமிழில் எழுதிப் பார்த்தோம், ஒட்டவில்லை. அப்பா நடிகரின் சொந்த வண்டியே பொள்ளாச்சிப் பதிவு, அதையே வைத்துக்கொண்டோம். பையன்கள் பதினெட்டு ஆகாதவர்கள், அவர்களுக்குச் சைக்கிள்தான். மதிய டப்பாவில் நாயகனுக்கு வெள்ளைச் சோறு, நாயகிக்குச் சிவந்த மட்டை அரிசிச் சோறு. வசனம் தேவைப்படவில்லை.

காலண்டர்தான் உயிரை வாங்கியது. நாயகன் வீட்டில் நாள்காட்டி, தினம் ஒரு தாள் கிழிப்பது. நாயகி வீட்டில் மாதத் தாள். தமிழ் ஆவணியும் மலையாளச் சிங்ஙமும் ஒரே காலம் என்பதால் இரண்டையும் ஆகஸ்டு கடைசிக்குக் கொண்டுவந்தால் போதும். ஆனால் காட்சிகளை முன்பின்னாக எடுக்கிறோமே, கிழித்த தாளை எப்படித் திரும்ப ஒட்டுவது? கிழித்தவற்றை வரிசையாக அடுக்கி, தேவைப்பட்ட தாளை மேலே வைத்துக் கறுப்புக் கிளிப் மாட்டினேன். தூரத்து ஷாட்டில் யாருக்கும் தெரியாது.

ஓணத்துக்குப் பூவால் கோலம் போடுகிற பூக்களக் காட்சி மட்டும் பாக்கி. ஓணம் இல்லாத நேரத்தில் அவ்வளவு செண்டுமல்லிக்குப் பணம் இல்லை. அகல ஷாட்டுக்குச் சாயம் ஏற்றிய கல்லுப்பு, கிட்டத்தில் எடுக்கும் இரண்டு வட்டத்துக்கு மட்டும் நிஜப்பூ என்று கணக்குப் போட்டிருக்கிறோம். மஞ்சள், ஆரஞ்சு உப்பு தயார். சிவப்புக்கு இன்னொரு சாயம் பார்க்க வேண்டும், முதலில் போட்டது ரோஸாகத்தான் வந்தது.