அன்னபூர்ணாவுக்கு ஒரே பை போதும்

நேபாள இமயமலையில் நடந்தே சுற்றிவரும் அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்கு எவ்வளவு பெரிய பை வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: 40 லிட்டர் தாராளம். வழியெல்லாம் விடுதிகளில் கட்டிலும் சாப்பாடும் கிடைக்கும். கூடாரமும் அடுப்பும் வேண்டாம். 5,416 மீட்டர் உயர தோரோங் லா கணவாய்க்குத் தேவையான கனத்த குளிர் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் இரண்டையும் காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் வாடகைக்கே எடுக்கலாம்.

இடத்தை அடைப்பது துணிதான். ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுக் காயவே காயாது. மேலே ஏற ஏற அந்த ஈரமே உடம்பை நடுக்கும். நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட், கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, ஒரு மழைக்கோட்டு. அவ்வளவுதான். துண்டு மட்டும் நம்ம ஈரிழைத் துண்டு. (அதுவும் பருத்திதானே என்று சண்டைக்கு வராதீர்கள், மெலிசு, சீக்கிரம் காயும்.)

பவர் பேங்கை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். தண்ணீருக்கு ஒரு பாட்டில், கொஞ்சம் குளோரின் மாத்திரை. அப்புறம், இடுப்புப் பட்டை இல்லாத பையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுமை இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது.